பீப்பாய்க்கு அடியில் ஒரு திரி: தண்ணீரை ஏற்றவா, இறக்கவா?

போன கார்த்திகையில், மொட்டை மாடியில் பீப்பாயில் வளர்த்த ஒரு கத்தரிச் செடியைக் கொன்றேன். ஆடிப்பட்டத்தில் விதைத்து, ஐப்பசியில் பூவும் பிஞ்சுமாக நின்ற செடி. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் அடித்ததும் இலைகள் துவண்டு தொங்கின. வாடுகிறதே என்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். மூழ்குகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஒரு வாரம் கழித்துப் பீப்பாயைச் சாய்த்துக் கொட்டியபோது மேல்மண் உதிரியாக, பார்க்க நன்றாகவே இருந்தது. அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கறுத்த சேறு. அழுகிய முட்டை நாற்றம். தொட்டால் தோல் உரிந்து வரும் வேர்கள். அந்தச் சேறு, வடிகாலுக்கு என்று நானே பார்த்துப் பார்த்துப் போட்ட ஜல்லிக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது. அடித்துளைகள் நான்கும் திறந்தேதான் இருந்தன.

கீழ் வீட்டு அக்கா அதே மாதிரிப் பீப்பாய் எட்டு வாங்கி வைத்திருக்கிறார். 200 லிட்டர் நெகிழிப் பீப்பாயைப் பாதியாக அறுத்தது; வாய் அகலம் ஏறத்தாழ 58 செ.மீ., உயரம் 44 செ.மீ. “தம்பி, எல்லோரும் திரி போடச் சொல்கிறார்கள். அடியில் தண்ணீர் வைத்துத் திரியை விட்டால் செடியே குடித்துக்கொள்ளுமாம். அதைப் போடவா, சொட்டுநீர் போடவா, பானை புதைக்கவா?” என்று கேட்டார். மாடிப்படியில் நின்றபடி பதில் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். ஒரு மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் பீப்பாயில் இருக்கும் சிக்கல் வறட்சியா, தேக்கமா? சென்னையில் இரண்டும் உண்டு, ஆறு மாத இடைவெளியில். கத்திரி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போகும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்வது புதிதில்லை. 58 செ.மீ. வாய் உள்ள பீப்பாயில் அது ஏறத்தாழ 26 லிட்டர். இரண்டு வாளித் தண்ணீரை ஒரு செடியின் தலையில் கவிழ்த்ததற்குச் சமம். ஆடியில் விதைத்த கத்தரியும் மிளகாயும் காய்ப்புக்கு வரும் நேரமும் அதுதான். கோடையில் தப்புகிற ஏற்பாட்டை மட்டும் செய்துவிட்டு மழைக்காலத்தை மறந்தால் என் கத்தரியின் கதி நேரும்.

துளை திறந்திருந்தும் தண்ணீர் ஏன் வடியவில்லை? இதைப் புரிந்துகொள்ளப் பாத்திரம் துலக்கும் ஸ்பான்ஜ் ஒன்று போதும். புதிய ஸ்பான்ஜைத் தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வைத்துத் தூக்கிப் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல், அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். தண்ணீரும் ஸ்பான்ஜும் அதேதான். உயரம் மட்டும் கூடியது. நுண்ணிய துளைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் விசைக்கும் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும் நடக்கும் இழுபறியில், அடியிலுள்ள சில அங்குலத் தண்ணீர் மட்டும் எப்போதும் சிக்கிக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்தோமே, அது செய்யும் வேலை.

சிக்கிய அந்தத் தண்ணீரின் உயரத்தைத் தீர்மானிப்பது பீப்பாயில் நிரப்பும் மண் கலவையின் துகள் அளவு. பீப்பாயின் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொடியாக இருந்தால் அதிகம் தேங்கும், பருமனாக இருந்தால் குறையும். ஒரே கலவையை 20 செ.மீ. உயரப் பையில் நிரப்பினாலும் 44 செ.மீ. பீப்பாயில் நிரப்பினாலும் அடியில் தேங்கும் உயரம் ஒன்றே. பையில் அது ஏறக்குறைய பாதி மண், பீப்பாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஜல்லி போட்டால் தீரும் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளை ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. தேக்கம் அப்படியே ஜல்லிக்கு மேலே குடியேறும். நான் ஜல்லி போட்டுச் சாதித்தது, வேருக்கு இருந்த இடத்தில் நான்கு விரலைக் குறைத்தது மட்டுமே.

இனி திரிக்கு வருவோம். திரி என்றதும் அகல் விளக்குதான் நினைவுக்கு வரும்: எண்ணெய் கீழே, சுடர் மேலே. அதனால்தான் திரியை ஏற்றும் கருவியாக மட்டுமே நினைக்கிறோம். ஆனால் இரவில் வாளி விளிம்பில் ஈரத் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறீர்களா? ஒரு முனை வாளித் தண்ணீரில், மறுமுனை வெளியே தொங்கினால், காலையில் குளியலறைத் தரை முழுக்க ஈரம். துண்டு தண்ணீரை விளிம்பு வரை ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. பீப்பாயின் அடித்துளை வழியாக ஒரு திரியை மண்ணுக்குள் ஒரு சாண் செலுத்தி, வெளியே அரைச் சாண் தொங்கவிட்டால் அதுவே நடக்கிறது. ஸ்பான்ஜை நிமிர்த்தியது போல, மண்ணின் உயரத்தை நீங்கள் கீழ்ப்பக்கமாக நீட்டிவிட்டீர்கள். சிக்கியிருந்த தண்ணீர் திரி வழியே இறங்கி, நுனியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது.

ஆக, திரி ஒன்று, வேலை இரண்டு. இந்த இரண்டையும் மற்ற வழிகளோடு சேர்த்து ஒப்பிட்டால்தான் அக்காவுக்கு விடை கிடைக்கும்.

கையால் ஊற்றுவது. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் தோட்டம் வைத்ததில்லை. தினமும் மாடி ஏறி ஒவ்வொரு செடியையும் பார்க்கிறீர்கள்; மாவுப்பூச்சி முதல் நாளே கண்ணில் படும். மேலிருந்து ஊற்றுவதால், தண்ணீரிலிருந்தும் உரத்திலிருந்தும் மண்ணில் சேரும் உப்பும் அடித்துக்கொண்டு வெளியேறும். குறை என்னவென்றால், கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்து சுவரை விட்டு விலகினால், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி அடியில் வெளியேறிவிடும். துளையில் தண்ணீர் வருகிறதே, போதும் என்று நினைப்பீர்கள்; நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். இன்னொன்று, தக்காளி. ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று ஈரம் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது; காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல் போல அமுங்கும். உரக்கடைக்காரர் சுண்ணாம்புச் சத்து மருந்து கொடுப்பார். பெரும்பாலும் வேண்டியது மருந்தில்லை, சீரான ஈரம்.

சொட்டுநீர். வயலில் அற்புதம். மாடியில் எனக்குப் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. குழாயில் தண்ணீரைச் சொட்டவிடும் சிறு முனைகளான சொட்டுவான்கள் பலவும் சுமார் 1 பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அது. மொட்டை மாடித் தொட்டி செடிகளுக்கு மேலே இரண்டு மீட்டர் இருந்தால் பெரிய விஷயம். கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. முதல் பீப்பாய்க்கு ஓடும், எட்டாவது பீப்பாய்க்கு அழுது வடியும். சிறிய பம்பு வைத்தால் சரியாகும். பிறகு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து ஒவ்வொரு துளையாக அடைக்கும். அடைத்தது தெரியாது, செடி வாடிய பிறகுதான் தெரியும். முப்பது, நாற்பது தொட்டி இருந்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. எட்டுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

புதைத்த பானை. இதற்கு என் மனதில் தனி இடம் உண்டு. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானை கசியும். ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் நூலிலேயே இம்முறை இருக்கிறது. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனமும் உவர்நிலத்துக்காக இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. நம் ஊரில் மரக்கன்றுகளுக்குப் பானையின் அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி வைப்பார்கள். அது வேறு வகை, தேவை பார்த்து நிற்காது, பானை காலியாகும் வரை விட்டுக்கொண்டே இருக்கும். பீப்பாய்க்கு ஓட்டையில்லாப் பானையே சரி. வாங்கும்போது ஒரு சோதனை: தண்ணீர் நிரப்பிச் சில மணி நேரம் கழித்து வெளிப்புறத்தைத் தடவினால் கை ஈரமாக வேண்டும். பளபளவென்று வண்ணம் பூசியது உதவாது. ஐந்து லிட்டர் பானை வேருக்கான இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், ஓரிரு ஆண்டில் உப்பு படிந்து துளைகள் அடையும், மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் காலியாக விட்டுவிடலாம். கெடுதல் செய்யாது, தேக்கத்தை வடிக்கவும் செய்யாது.

அடியில் தண்ணீர் அறை வைத்துக் கட்டிய தொட்டி. கீழே மண்ணைத் தாங்க ஒரு பொய்த்தளம், அதற்கடியில் தண்ணீர், நிரப்ப ஒரு பிவிசி குழாய், மிகுநீர் போக ஒரு துளை. இதில் துணித்திரிக்குப் பதிலாக மண்ணையே ஒரு கால் போலத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். துணித்திரியைவிட இது பல மடங்கு தண்ணீர் ஏற்றும், மக்காது. சித்திரை, வைகாசிக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் தண்ணீர் அறைக்கு நேர் மேலே இருக்கும் மண் எப்போதும் நனைந்தே இருக்கும். நவம்பரில் அது நான் முன்னே சொன்ன நான்கு விரல் சேற்றை நிரந்தரமாக்குவதற்குச் சமம். கட்டுவதென்றால் அறையின் அடிமட்டத்தில் ஒரு சிறு குழாய் வைத்து, மழை தொடங்கியதும் திறந்துவிடுங்கள். சுமையையும் பாருங்கள்: ஈரக் கலவையோடு ஒரு பாதிப் பீப்பாய் 80 கிலோவுக்குக் குறையாது, கீழே 15 லிட்டர் சேர்ந்தால் இன்னும் 15 கிலோ. ஆள் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் புழக்கச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். எந்தப் பீப்பாயானாலும் சுவரோரமாக, உத்தரத்துக்கு மேலே இருக்கட்டும்.

இப்போது ஏற்றும் திரி. அக்கா கேட்டது இதைத்தான், நான் குறைவாக மதிப்பதும் இதைத்தான். சின்னப் புதினாத் தொட்டிக்கு நன்றாக வேலை செய்யும். பெரிய வெண்டையோ பந்தலேறிய புடலையோ கோடையில் ஒரு நாளில் இரண்டு லிட்டரைச் சாதாரணமாகக் குடிக்கும். விரல் பருமன் திரி ஒன்று என் மாடியில் ஒரு நாளைக்கு ஏற்றியது அரை லிட்டரைத் தாண்டவில்லை. அதுவும் தண்ணீர் மட்டம் துளைக்கு நான்கு விரல் கீழே இருந்தபோது. மட்டம் இறங்க இறங்க ஏற வேண்டிய உயரம் கூடும், வரத்து குறையும். ஆகவே நெட்டையான வாளியைவிடத் தாழ்ந்து அகன்ற பேசின் நல்லது; ஒன்றுக்கு மூன்று திரியாவது வேண்டும். தண்ணீர் எப்போதும் கீழிருந்து மேலே போவதால் உப்பெல்லாம் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். மாதம் ஒருமுறையாவது மேலிருந்து தாராளமாக ஊற்றி அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

கொசுவை மறந்துவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சிப் பணியாளர்கள் டார்ச் விளக்கோடு மாடியேறி வந்து ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் செய்வது சரிதான். பேசினுக்கு இறுகிய மூடி, அதில் திரி நுழையும் அளவுக்கு மட்டும் துளை. மூடி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே வேண்டாம்.

இறக்கும் திரிக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது. தண்ணீர் சேமிப்பதில்லை, கொசு இல்லை, எடை கூடுவதில்லை, குறைகிறது. ஒரு பீப்பாய்க்கு ஒரு திரி போதும், இரண்டு இருந்தால் நிம்மதி. செலவென்று பார்த்தால் ஒரு பழைய சேலை. செய்ய வேண்டியவை சில உண்டு. பீப்பாயைச் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும்; இரண்டு செங்கல் அடுக்கினால் 15 செ.மீ. கிடைக்கும். தொங்கும் வால் தரையில் தேங்கிய தண்ணீரைத் தொடக் கூடாது; தொட்டால் இழுப்பு குறைந்துவிடும். உள்முனை ஜல்லியில் நிற்காமல் மண்ணுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். திரி செருகிய துளை போக மற்றவை திறந்தே இருக்கட்டும். கொட்டும் மழையை வெளியேற்றுவது அவற்றின் வேலை, மழை நின்றபின் மிஞ்சுவதை உறிஞ்சுவது திரியின் வேலை.

எந்தத் திரி? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பருத்தித் திரி, விளக்குத் திரியோ மண்ணெண்ணெய் அடுப்புத் திரியோ, முதல் வாரம் அபாரமாக இழுக்கும். ஈரமண்ணில் சில மாதத்தில் மக்கி, இழுத்தால் அறுந்து வரும். வன்பொருள் கடையில் நைலான் கயிறு கேட்டால் எடுத்துத் தரும் பளபளப்பான மஞ்சள், பச்சைக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அது தண்ணீரை ஒட்டவே விடாது. எனக்குச் சரிப்பட்டது பழைய பாலியஸ்டர் சேலை. மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று பட்டைகளைத் தளர்வாகப் பின்னி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசியது. புதுத்துணியில் இருக்கும் கஞ்சியும் மெழுக்கும் போகாவிட்டால் தண்ணீர் பிடிக்காது.

செருகுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், கொஞ்சம் குங்குமம் கலந்தது, மேசைமேல் இருக்கட்டும். வெறும் டம்ளர் ஒன்றை ஒரு சாண் கீழே வையுங்கள். திரியை நனைத்து, ஒரு முனையை மேல் டம்ளரின் அடிவரை விட்டு, மறுமுனையைக் கீழ் டம்ளருக்குள் தொங்கவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கீழே சிவப்புத் தண்ணீர் சேர்ந்திருந்தால் அந்தத் திரி தேறியது. என் வீட்டில் மஞ்சள் கயிற்றின் கீழ் டம்ளர் வறண்டு கிடந்தது, அடுப்புத் திரியினுடையது பாதி, சேலைப் பின்னலுடையது முக்கால். டம்ளர் வரிசையைப் பார்த்து என்ன பரிகாரம் என்று கேட்டார் என் மனைவி.

அக்காவுக்கு நான் சொன்னது இது. எட்டுப் பீப்பாய்க்கும் அடியில் சேலைத்திரி, மண் நிரப்புவதற்கு முன்பே. நிரப்பிய பிறகு செருகுவது பெரும்பாடு. ஜல்லி வேண்டாம், துளைமேல் ஒரு துண்டு தென்னை நார் போதும். வெண்டை, புடலை வைக்கப் போகும் மூன்று பீப்பாய்களில் மட்டும் பானை. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. தினசரி ஊற்றுவது கையால்தான்; காலையில் மேல்மண்ணில் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

“அப்படியென்றால் ஏற்றும் திரி வேண்டவே வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டும், ஊருக்குப் போகும்போது. தொங்கும் அதே வாலை, பீப்பாய்க்கு அடியில் தள்ளிய மூடிபோட்ட பேசினில் விட்டால் திரி திசை மாறி ஏற்றத் தொடங்கும். திரும்பி வந்ததும் பேசினை உருவிவிட்டால் மறுபடியும் வடிகால். நான்கைந்து நாளுக்குக் கத்தரியும் மிளகாயும் தாக்குப்பிடிக்கும், பானையும் நிரம்பியிருந்தால் வெண்டையும். பத்து நாளுக்குத் திரியை நம்ப முடியாது. பச்சை வலை நிழலுக்கு நகர்த்தி, சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அக்கா வைகாசியில் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனபோது பேசினையும் வைத்தார், சாவியையும் என்னிடம் கொடுத்தார். ஐந்தாம் நாள் மேலே போய்ப் பார்த்தேன். ஏழு பீப்பாய் நன்றாக இருந்தது. எட்டாவதில் அணில் திரியின் வாலைக் கூடுகட்ட அறுத்துக்கொண்டு போயிருந்தது.